ஆய்வு மாணவராகச் சேர்கிறீர்களா? உதவித்தொகை விண்ணப்பம் முதல் விடுதி அறை வரை

"அக்கா, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று அழைக்கும் தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "ஆதாரில் உன் பெயர் எப்படி இருக்கிறது?" என்பதுதான். ஆய்வுத் தலைப்பைப் பற்றி ஆசையாகப் பேச வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதை முதலில் கேட்கப் பழகினேன்.

நான் சென்னையில் வரலாற்று ஆய்வில் சேர்ந்தபோது, எம்.ஏ. சான்றிதழில் பெயருக்கு முன்னால் முதலெழுத்து இருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் முதலெழுத்தே இல்லை. ஊரில் பாதிப்பேருக்கு இப்படித்தானே இருக்கிறது என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. சேர்ந்து ஏழாவது மாதம்தான் முதல் உதவித்தொகை கணக்கில் ஏறியது. அந்த ஏழு மாதமும் அம்மாவின் கம்மல் கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்தது. மெஸ் பில், பஸ் செலவு, ஜெராக்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு இருக்கும். பணம் வந்த அன்று ஒவ்வொரு பெயராக அடித்தேன். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

குடும்பத்தில் முதல் ஆளாக ஆய்வுக்கு வந்தவர்கள் இந்த முதல் சில மாதங்களைத் தாண்ட முடியாமல் ஊர் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை. எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் முழுநேர பிஎச்.டி. சேர நினைப்பவர்களுக்காக, நான் கற்றதை வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பணம் உங்களுக்கானது என்று பாருங்கள்

பெரும்பாலானோர் கண் வைப்பது ஜே.ஆர்.எஃப். மீதுதான். அதற்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். கலை, மொழி, சமூக அறிவியல் பாடங்களுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட், அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) நெட். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் முடிந்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகி 42,000 ரூபாய். யு.ஜி.சி.யில் இரண்டும் சேர்த்து அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். இதற்கு மேல் வீட்டு வாடகைப்படியும், புத்தகம், களப்பயணம் போன்றவற்றுக்கான கண்டிஞ்சன்சி தொகையும் உண்டு.

யு.ஜி.சி. நெட் தேர்வு இரண்டு தாள், மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். இதில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடாதீர்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து தேர்ச்சி மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் வகைக்கு ஜே.ஆர்.எஃப். உண்டு. இரண்டாவது வகைக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும் உண்டு, உதவித்தொகை இல்லை. மூன்றாவது வகை பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் பயன்படும். இரண்டாம், மூன்றாம் வகையினருக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். முடிவு வந்ததும் எந்த வகையில் தேறியிருக்கிறீர்கள் என்பதை நிதானமாகப் படியுங்கள். "நெட் பாஸ்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, உதவித்தொகை கிடையாது என்பதைச் சேர்க்கைக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்டு கலங்கி நின்ற ஒரு தங்கையை எனக்குத் தெரியும்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் உரிய தேசிய உதவித்தொகைகள் நெட் தேர்வின் வழியாகவே தரப்படுகின்றன. பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகைக்கு முதுகலை மதிப்பெண்தான் அடிப்படை. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். இதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியிருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு தரும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். சமூக அறிவியல் துறையினர் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) அறிவிப்பைக் கவனித்து வர வேண்டும். பல பல்கலைக்கழகங்களிடம் சொந்த உதவித்தொகையும் இருக்கிறது. துறை அலுவலகத்தில் கேட்டால்தான் தெரியும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரப்படுகிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இந்த வகையைச் சேர்ந்தவை. 2015-இல் இதையும் நிறுத்த முடிவெடுத்தபோது, மாணவர்கள் தில்லியில் யு.ஜி.சி. அலுவலக வாசலில் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். இன்று ஒரு புதிய மாணவர் கையெழுத்துப் போட்டு வாங்கும் அந்தத் தொகைக்குப் பின்னால் அவர்கள் பட்ட அடியும் இருக்கிறது. ஆனால் 8,000 ரூபாயில் ஒரு மாதம் ஓட்டுவது எந்த ஊரிலும் கடினம். விடுதி இடம் உறுதியாகாமல் இதை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

இரண்டாம் படி: சான்றிதழ்களை இப்போதே எடுங்கள்

தமிழ்நாட்டு மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. பள்ளியிலிருந்து நாம் வைத்திருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசின் விண்ணப்பங்களுக்குப் போதாது. ஓ.பி.சி. (பிற பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் என்று தனியாக, மத்திய அரசு வடிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற உறுதியோடு வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழையதைக் கொடுக்காமல், அறிவிப்பில் எந்த நிதியாண்டுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் புதிதாக வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்ந்து வர நாளாகும். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய வாரம் ஓடினால் கிடைக்காது.

இந்தச் சான்றிதழ் ஒரு சலுகைச் சீட்டு மட்டுமே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். முதுகலையில் 55 விழுக்காடு என்ற தகுதி 50 ஆகக் குறைவதும், ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு கிடைப்பதும் இதைப் பொறுத்தே. பெண்களுக்கு அந்த ஐந்து ஆண்டு தளர்வு எந்தப் பிரிவானாலும் உண்டு. திருமணம், குழந்தை என்று சில ஆண்டு இடைவெளி விழுந்த தோழிகளிடம் இதைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரிவதில்லை.

பிறகு பெயர். ஆதார், வங்கிக் கணக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முதுகலைப் பட்டம் ஆகிய நான்கையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல், முதலெழுத்து இருக்கும் இடம், நடுவில் உள்ள புள்ளி வரை பாருங்கள். பள்ளிச் சான்றிதழை மாற்றுவது பெரிய வேலை. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துவதே எளிது. இன்னொன்று: வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, ஆதார் வழியாக அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. "எந்தக் கணக்கில் ஆதார் சீடிங் ஆகியிருக்கிறது?" என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். எப்போதோ நூறு நாள் வேலைக்காக அம்மாவோடு போய்த் திறந்த கணக்கு ஒன்றில் பணம் போய்க்கொண்டிருந்த கதைகள் உண்டு.

மூன்றாம் படி: காத்திருக்கும் காலத்தைக் கடப்பது

விண்ணப்பித்த பிறகு வரும் பதற்றத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2024 ஜூன் 18 அன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் எழுதிய யு.ஜி.சி. நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்ட் 21-இல் தொடங்கிய மறுதேர்வை அவர்கள் மீண்டும் முதலிலிருந்து எழுதினார்கள். நன்றாக எழுதிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் அந்தச் செய்தியோடு விழித்தார்கள். இப்படிப்பட்டவை நம் கையில் இல்லை.

தேர்வு எழுதியவர்களில் ஆறு விழுக்காட்டினர்தான் உதவிப் பேராசிரியர் தகுதி பெறுகிறார்கள், ஜே.ஆர்.எஃப். பெறுவோர் அதிலும் சிறு பகுதி. முதல் முறையிலேயே கிடைக்காதது ஊரில் தலைகுனிய வேண்டிய விஷயமே இல்லை. வீட்டாருக்கும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்ற பேச்சு வரும்போது அப்பா அம்மாவே பதில் சொல்வார்கள்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய ஒரு வேலை இருக்கிறது: ஆய்வு முன்மொழிவை எழுதுவது. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். விண்ணப்பத்துக்கும் சேர்க்கை நேர்காணலுக்கும் அது வேண்டும். "தமிழ்நாட்டில் பெண் கல்வி" என்று எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே பதில் இருக்காது. ஒரு ஊர், ஒரு காலம், ஒரு வகை மக்கள், ஒரு வகை ஆவணம் என்று சுருக்குங்கள். அந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதே எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் என்று ஒரு வாரம் அலைந்தால் உங்கள் முன்மொழிவின் நடையே மாறிவிடும். நான் மூன்று முறை எழுதி உருப்படாத முன்மொழிவு, காப்பகத்தில் ஒரு பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்த மதியத்துக்குப் பிறகு ஒரே இரவில் எழுதி முடிந்தது.

நான்காம் படி: நெறியாளரும் சேர்க்கையும்

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி ஒரு நேரத்தில் பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் கைடாக இருக்க முடியும். அதனால் உங்கள் துறையில் யாரிடம் காலியிடம் இருக்கிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். "சார் எத்தனை நாளில் கையெழுத்துப் போடுவார்?" என்று கேளுங்கள். விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுகளும் உங்கள் உதவித்தொகை, விடுதி, களப்பயணம் எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் தொடங்கும். வாரக்கணக்கில் படிவத்தை மேசையில் வைத்திருப்பவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், பணக் கையிருப்பு இல்லாத மாணவருக்கு அவர் ஏற்றவர் அல்ல என்பது என் கருத்து.

யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். கடிதம் மூன்று ஆண்டுகள் செல்லும். முதல் மாதமே கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று பதறத் தேவையில்லை. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம்.

ஐந்தாம் படி: சேர்ந்த முதல் பதினைந்து நாள்

பணம் எப்போது வரும் என்பதை இந்த இரண்டு வாரங்கள்தான் முடிவு செய்கின்றன. சேர்ந்த அன்றே ஜாயினிங் ரிப்போர்ட்டில் கைடு, துறைத்தலைவர் கையெழுத்தை வாங்குங்கள். அதில் உள்ள சேர்ந்த தேதியும் பல்கலைக்கழகப் பதிவில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். யு.ஜி.சி. உதவித்தொகைக்காக கனரா வங்கியின் இணையதளத்தில் உங்கள் விவரங்களை நிறுவனமே ஏற்ற வேண்டும். அங்கே ஒருவர் "மேக்கர்", அதாவது விவரத்தைப் பதிவு செய்பவர். இன்னொருவர் "செக்கர்", அதைச் சரிபார்த்து அனுப்புபவர். ஒவ்வொரு மாதமும் நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று இவர்கள் உறுதி செய்தால்தான் அந்த மாதப் பணம் வரும். இவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் உங்கள் பணமும் விடுப்பில் போகும். ஆகவே அந்த இருவரும் யார், எந்த அறையில் இருக்கிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். கல்லூரியில் சேர்கிறவர்கள், அந்தக் கல்லூரிக்கு இந்த இணையதளக் கணக்கு இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

கொடுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நகல் எடுத்து, தபால் பிரிவில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். "உங்கள் படிவம் வரவில்லை" என்று யாராவது சொன்னால், வாக்குவாதம் வேண்டாம். அந்த முத்திரையைக் காட்டினால் போதும். அலுவலகப் பணியாளர்களிடம் பணிவாகவும் விடாப்பிடியாகவும் இருங்கள். என் கோப்பு ஏன் திரும்பியது என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் ஒரு பிரிவு எழுத்தர் அம்மாதான். அவர் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார்.

தாமதமான தொகை நிலுவையாகச் சேர்ந்து வந்துவிடும். ஆனால் அதுவரை சாப்பிட வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான வழியை யோசித்துவிட்டுச் சேருங்கள். கந்துவட்டிக்கும் கைப்பேசிக் கடன் செயலிகளுக்கும் போகவே போகாதீர்கள். நகை அடகு வைக்க வேண்டி வந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மட்டும் வையுங்கள். முன்னரே சேர்ந்த ஆய்வாளர்களிடம் கடன் கேட்க வெட்கப்பட வேண்டாம். அவர்களும் அதே வரிசையில் நின்று வந்தவர்கள்தான்.

ஆறாம் படி: தங்குமிடம்

உதவித்தொகையையும் தங்குமிடத்தையும் இரண்டு தனி விஷயங்களாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டையும் ஒரு சான்றிதழ் இணைக்கிறது. நிறுவனம் தரும் விடுதியில் தங்கினால் வீட்டு வாடகைப்படி கிடையாது. விடுதிக் கட்டணத்தை மட்டும் கேட்டுப் பெறலாம், அதிலும் மெஸ், மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் சேராது. நீங்களே வெளியில் தங்கினால் வாடகைப்படி உண்டு. அது நகரத்தின் வகையைப் பொறுத்தது: சென்னை எக்ஸ், கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய், தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் இசட். இந்தப் படியைப் பெற, விடுதி வசதி உங்களுக்குத் தரப்படவில்லை என்று நிறுவனம் சான்று தர வேண்டியிருக்கும். எனவே விடுதிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இடம் இல்லை என்றால் அதையும் எழுத்தில், தேதியோடு வாங்குங்கள். வார்டன் வாயால் சொன்ன "ரூம் இல்லைம்மா" எந்தக் கோப்பிலும் ஏறாது.

விடுதி கிடைத்தால் முதலாண்டு அங்கேயே இருங்கள் என்பேன். செலவு குறைவு என்பது ஒரு காரணம். எந்தப் படிவம் எப்போது வரும் என்ற செய்தி சாப்பாட்டு வரிசையில்தான் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பல விடுதிகளில் மெஸ் டிவைடிங் முறையில் நடக்கிறது: மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். ஊருக்குப் போகும் முன் மெஸ்ஸில் எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாட்களைக் கழிப்பார்கள். எத்தனை நாளுக்கு முன் எழுத வேண்டும் என்று கேட்டு வையுங்கள். பெண்கள் விடுதிகளில் கேட் மூடும் நேரம் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெரிய தொல்லை. ஆய்வாளருக்கு நேர விலக்கு உண்டா என்று கேட்டு, கைடிடம் ஒரு கடிதம் வாங்கி வார்டனிடம் முன்கூட்டியே கொடுங்கள். இரவு ஒன்பதரைக்குச் சோதனை பாதியில் நிற்க ஓடி வருவது ஆய்வுக்கும் நல்லதல்ல, பாதுகாப்பும் அல்ல.

வெளியில் தேடுகிறவர்கள் முதலில் உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று வளாகங்கள் பிரிந்து கிடக்கின்றன. பறக்கும் ரயில் சேப்பாக்கத்தையும் தரமணியையும் ஒரே தடத்தில் இணைப்பதால், அந்தத் தடத்தின் ஓரம் அறை பார்த்தால் வகுப்பு, நூலகம் இரண்டுக்கும் ஒரே சீசன் டிக்கெட்டில் போய்வரலாம். ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. அறை சிறியதுதான், ஆனால் காலையில் நடந்தே துறைக்குப் போகலாம். பெண்களுக்கு அந்த வசதி இல்லை. நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு வீட்டின் மாடியை எடுத்தோம்.

அப்படி வீடு எடுக்கும்போது எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று அது சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். ஐந்தாகக் குறைந்தாலும் இலாபம்தான். கொடுக்கும் முன்பணத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். வாடகைக்கு மாதாமாதம் ரசீது வாங்குங்கள்; வாடகைப்படிக்குக் கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

வீடு தேடும்போது என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஆட்கள் என்று கேட்பார்கள். நான்கு வீடுகளில் கேட்டார்கள். ஒரு வீட்டில், அலமாரி எங்கே வைப்பது என்பது வரை பேசிவிட்டு, ஊர்ப்பெயரைக் கேட்டதும் "மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான்" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலை பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அப்படி நேர்ந்தால், அது உங்கள் குறை இல்லை. தனியாக வீடு தேடப் போகாதீர்கள். உங்கள் துறை மூத்த ஆய்வாளர்கள் ஏற்கெனவே தங்கியிருக்கும் வீடுகள், அவர்கள் காலி செய்யும் அறைகள் இவற்றை முதலில் கேளுங்கள். எங்களுக்கு மாடி கிடைத்தது அப்படித்தான். முந்தைய ஆய்வாளர் விட்டுப்போன நாற்காலியும் மேசையும்கூட அங்கேயே இருந்தன.

ஏழாம் படி: ஆண்டு முழுவதும்

இரண்டாம் ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே எஸ்.ஆர்.எஃப். மதிப்பீட்டுக் குழுவுக்கான கடிதத்தைத் தொடங்குங்கள். வெளி வல்லுநரின் தேதி கிடைக்க நாளாகும். கண்டிஞ்சன்சி தொகை கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 10,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. புத்தகம், ஜெராக்ஸ், ரயில் டிக்கெட் ரசீதுகளை ஒரு உறையில் போட்டுவிடுங்கள். வெப்பத்தில் மங்கும் தாளில் அச்சான ரசீதுகளை அன்றே நகல் எடுங்கள். ஆண்டு முடிவில் வெள்ளைத்தாளாகத்தான் இருக்கும். விடுப்பு ஆண்டுக்கு 30 நாள், அரசு விடுமுறைகள் தனி.

விடுதியில் சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் ரசீதைத் தொலைக்காதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நூலகம், விடுதி, துறை மூன்றிலும் "நோ டியூஸ்" கையெழுத்து கேட்பார்கள். அப்போது அந்த ரசீது கையில் இருந்தால் பணம் திரும்ப வரும். ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டும் செலவு சரியாக அந்த வாரத்தில்தான் வரும்.